ஏழுகோட்டையில் தவம்

சீட்டாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று நம்பிய தலைமுறைகள் வெட்கித் தலைகுனியும்படி, அதே சீட்டாட்டத்தை ஐந்து மாடிக் கட்டடமாகவும், அடையாள அட்டை தொங்கும் இருநூறு கழுத்துகளாகவும், பல லட்சம் கைப்பேசிகளின் அன்றாடக் கடமையாகவும் உயர்த்திய பெருமை 'ஏழுகோட்டை' நிறுவனத்தையே சாரும். இதைச் சூது என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. இது 'வியூகம் சார்ந்த அறிவுப் போட்டி'. இருவர் திரையில் எதிரெதிராக நின்று, யானை, வில்லாளி, அகழி, தூதன் என்று ஆளுக்கு முப்பது சீட்டுகளை வைத்துக்கொண்டு, முறைக்கு ஒன்றாக இறக்கி, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். இடித்தவர் அறிவாளி. இடிபட்டவர் மறுபடியும் ஆடுவார்.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தண்ணீர் இயந்திரத்துக்கும் பிரிண்டருக்கும் நடுவே இருந்த மேசைக்காரரை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு இங்கே சோதனையாளராக வந்தவர். புதிய விதி எது வந்தாலும், அது வெளியாவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வது அவர் வேலை. காலையிலிருந்து மாலை வரை சீட்டாடிச் சம்பளம் வாங்கும் மருமகளைப் பற்றி யாராவது விசாரித்தால், மாமியார் "கம்ப்யூட்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

புதிய விதிகளை உண்டாக்கும் பொறுப்பு வியூக இயக்குநருடையது. வாயைத் திறந்தால் 'வியூகம்' என்ற சொல் வந்து விழும் என்பதால் அலுவலகம் அவருக்கு அதையே பெயராகச் சூட்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை வியூகம் சார் எல்லோரையும் கண்ணாடி அறைக்கு அழைத்து 'தவம்' என்ற புதிய விதியை அறிவித்தார். உங்கள் முறை வரும்போது சீட்டு எதையும் இறக்காமல் 'தவம்' என்ற பொத்தானை அழுத்தலாம். அழுத்தினால் கையில் உள்ள ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பலம் கூடும். தவம் கலையும்வரை உங்கள் கோட்டையை எதிராளியால் இடிக்கவும் முடியாது. ஒரு சீட்டை இறக்கினாலோ தவம் கலைந்து, மிச்சச் சீட்டுகள் பழைய பலத்துக்கே இறங்கிவிடும். அறை கைதட்டியது. ஒருவர் இதைத் 'தத்துவம்' என்றார். இன்னொருவர் 'புரட்சி' என்று குறித்துக்கொண்டார்.

அக்கா கைதட்டிவிட்டு மேசைக்குப் போய், பக்கத்து மேசை நிரலாளரோடு ஆடிப் பார்த்தார். மதியம் தொடங்கிய ஆட்டத்தில் மாலை நான்கு மணி வரை ஒரு சீட்டும் இறங்கவில்லை. முதலில் இறக்குபவரின் தவம் கலைகிறது. எதிராளி கலையாத தவத்தோடு திருப்பி அடிக்கிறார். ஒரே அடியில் கோட்டை போகிறது. எத்தனை முறை ஆடினாலும் இதே கதைதான். ஆட்டத்தில் ஆடினவர் தோற்றார், ஆடாதவர் ஜெயித்தார். அக்கா இதை அரைப் பக்கத்தில் எழுதி, மூன்று தவத்துக்கு மேல் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வியூகம் சார் அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். குரலில் பரிவு சொட்டியது.

"அக்கா, நீங்க இதை ஓட்டைன்னு பாக்கறீங்க. நான் ஆழம்னு பாக்கறேன்."

"ஆழம்தான் சார். விழுந்தா ஏற முடியாது."

'தவத்தின் ஆழத்தைச் சோதனைப் பிரிவு உறுதி செய்தது' என்று அன்றைய கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று.

விதி வெளியானது. அலுவலகம் மூன்று வாரம் விவாதித்தும் காணாததை ஆட்டக்காரர்கள் மூன்றே நாளில் கண்டுபிடித்தார்கள். ஒரு முன்னணி வீரர் நாற்பது பக்கத்தில் 'தவ வியூகக் கையேடு' எழுதி வெளியிட்டார். பொத்தானை அழுத்துங்கள் என்பதே அதன் சாரம். ஒன்பது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு நீண்டது. வியூகம் சார் வரைபடம் ஒன்றைச் சுவரில் காட்டி, மக்கள் நம்மை விட்டு எழுந்திருக்கவே மனம் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று தழுதழுத்தார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள், கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுத் துணி துவைக்கிறார்கள், நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து ஈரக் கையால் பொத்தானைத் தட்டுகிறார்கள் என்று அக்கா இரண்டாவது அறிக்கை எழுதினார். தன் வீட்டிலேயே கணவர் அப்படித்தான் செய்கிறார் என்பதை ஆதாரமாகவும் சேர்த்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. ஆண்டு இறுதிப் போட்டிக்குப் பத்து நாள் முன்பு மூன்றாவது அறிக்கை எழுதினார். அதற்கு 'முந்தைய பதிலைக் காண்க' என்று பதில் வந்தது.

இறுதிப் போட்டி ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஐந்நூறு நாற்காலி போட்ட அரங்கத்தில் தொடங்கியது. தகுதிச் சுற்றுகளெல்லாம் தவம் வருவதற்கு முன்பே முடிந்திருந்ததால், மேடையில் உட்கார்ந்திருந்த இருவரும் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். ஒருவர் பல் மருத்துவர். மற்றவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். கருவியில் கோளாறு வந்தால் பார்ப்பதற்காக அக்காவை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

முதல் மணி நேரத்தில் இருவரும் தவம் செய்தார்கள். வர்ணனையாளர் இருவர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து, மருத்துவர் இடது கையால் பொத்தானை அழுத்துவதில் உள்ள உளவியலை விளக்கினார்கள். இரண்டாம் மணி நேரத்திலும் இருவரும் தவம் செய்தார்கள். ஓட்டுநர் மூக்கைச் சொறிந்தபோது அரங்கம் மூச்சைப் பிடித்தது. மதியத்துக்குள் நாற்காலிகள் முக்கால்வாசி காலி. மிச்சமிருந்தவர்களில் சிலர் தூங்கினார்கள். அவர்களை 'ஆழ்ந்த ரசிகர்கள்' என்று வர்ணனையாளர் குறிப்பிட்டார்.

மூன்று மணி இடைவேளையில் ஓட்டுநர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அக்காவிடம் வந்தார். காலைச் சவாரிக்கு ஒரு நண்பரைப் பிடித்துவிட்டதாகவும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் மாலைக்கு ஆள் சொல்லவில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். நான்கு மணிக்குப் பள்ளி விடும். பஸ்ஸை நண்பர் இங்கே பின்தெருவில் விட்டுப் போயிருக்கிறார். முப்பத்தாறு பிள்ளைகள்.

"இது எப்ப மேடம் முடியும்?"

அக்காவுக்குப் பதில் தெரியும். மேடையில் இருக்கும் அலுவலர் ஆட்டக்காரரிடம் விதியைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்பதும் தெரியும். அவர் விதியை மட்டுமே சொன்னார்.

"முடியாது தம்பி. யாராவது சீட்டு போட்டாத்தான் முடியும். போட்டவங்க தோத்துருவாங்க."

"இது உங்க ஆபீஸ்ல தெரியுமா?"

"மூணு தடவை எழுதினேன்."

ஓட்டுநர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். இந்த ஆட்டத்துக்காக அவர் பதினொரு மாதம் பஸ் காத்திருக்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங் மேல் கைப்பேசியை வைத்துப் பயிற்சி செய்திருந்தார். "பிள்ளைங்க வாசல்ல நிக்கும், மேடம்," என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போய் உட்கார்ந்து, முறை வந்ததும் யானையை இறக்கினார்.

ஐந்து மணி நேரத்தில் அரங்கம் கண்ட முதல் சீட்டு அது. தூங்கியவர்கள் விழித்துக் கைதட்டினார்கள். மருத்துவர் தயங்கி, நடுவரைப் பார்த்து, வேறு வழியில்லாமல் முந்நூற்றுச் சொச்சம் பலம் ஏறிய வில்லாளி ஒருவனை இறக்கினார். ஓட்டுநரின் கோட்டை தூள் தூளானது. அவர் எழுந்து மருத்துவரின் கையைக் குலுக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். நான்குக்குள் போய்ச் சேரவேண்டுமே என்று அக்காவின் மனம் அடித்துக்கொண்டது.

மேடையில் வியூகம் சார் மருத்துவரின் தோளைப் பற்றி, வரலாறு காணாத வெற்றி என்று முழங்கினார். மருத்துவரோ கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே," என்றார் ஒலிபெருக்கியில்.

அவருடைய தன்னடக்கத்தைப் பத்து நிமிடம் பாராட்டினார்கள்.

ஆனால் போட்டியைப் பார்த்த மக்கள் தன்னடக்கம் இல்லாதவர்கள். ஒரே வாரத்தில் பாதிப் பேர் ஏழுகோட்டையைக் கைப்பேசியிலிருந்து அழித்தார்கள். முதலாளி விசாரணைக் குழு அமைத்தார். குழுவில் முதலாளியின் மைத்துனர், வழக்கறிஞர், பணியாளர் நலப் பிரிவின் தலைவி என மூவர். அவர்கள் ஆவணங்களைப் பத்து நாள் புரட்டிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். மூன்று அறிக்கைகளும் மேசை மேல் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் அக்காவுக்கு மூச்சு வந்தது. இனி நம்மைத் தேடி மன்னிப்பு வரும் என்று கூட ஒரு நொடி நினைத்துவிட்டார்.

"இந்தக் குறையை முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானே?" என்றார் மைத்துனர்.

"ஆமா சார்."

"உங்களுக்கு முன்னாடி இது யாருக்கும் தெரியாது?"

"தெரியாது சார்."

"அப்ப இது உங்ககிட்டதான் ஆரம்பிச்சிருக்கு," என்றார் மைத்துனர், மற்ற இருவரையும் பார்த்து. இருவரும் தலையசைத்தார்கள்.

அக்கா வாய் திறப்பதற்குள், மேடையில் ஓட்டுநரிடம் பேசியது உண்மையா என்று வழக்கறிஞர் கேட்டார். உண்மை என்றார் அக்கா. பிள்ளைகள் பள்ளி வாசலில் நின்றிருப்பார்கள் என்றார். பிள்ளைகள் விசாரணை வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று தலைவி கனிவோடு விளக்கினார்.

குழுவின் நேர்மையை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அது யாரையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவராக எடுத்து அலசியது. தவம் என்ற விதியை வியூகம் சார் உண்டாக்கினாரா? இல்லை, குறிப்பின்படி அது கூட்டத்தில் 'உதயமாயிற்று'. அவர் அதை அனுமதித்தாரா? ஆட்சேபிக்கவில்லை, அவ்வளவுதான். அறிக்கைகளை நிராகரித்தாரா? ஒருபோதும் இல்லை, பரிசீலனையில் வைத்திருந்தார். நிரலாளர்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். நிர்வாகம் நிரலாளர்களுக்காகக் காத்திருந்தது. முதலாளி வெளிநாட்டில் இருந்தார். ஆக, ஐந்து மாடிகளிலும் தேடியதில், இந்த விவகாரத்தில் எதையாவது செய்ததாக ஆதாரம் கிடைத்தது ஒரே ஒரு ஊழியர் மீதுதான். எதுவுமே செய்யாதவர்களைப் பொறுப்பாக்குவது நியாயம் ஆகாது என்பதால், அக்காவின் சீட்டு கிழிக்கப்பட்டது.