தோராவின் விளக்கும் என் காலைத் தூக்கமும்

ஓய்வு பெற்றவனுக்கு உலகத்தில் மிஞ்சும் ஒரே சொத்து காலைத் தூக்கம். ஹாலந்தில் முப்பத்தெட்டு வருடம், விடியுமுன் எழுந்து, படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியவன் நான். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் இந்த மலைக் கிராமத்தில் குடியேறிய அன்றே சபதம் செய்தேன்: இனி எட்டு மணிக்கு முன்னால் இமையைக்கூடத் தூக்கமாட்டேன்.

ஒன்பது வருடம் சபதம் நின்றது. பிறகு என் மனைவி டினேக்கா என் தொப்பையைப் பார்த்தாள்.

"ரூலோஃப், நாளையிலேருந்து காலையில ஆறு மணிக்கு நடை. மலைமேல இருக்கிற சின்னக் கோயில் வரைக்கும். ரெண்டு பேரும்."

"நீ போ. நான் மனசால கூடவே வர்றேன்."

"தொப்பை மனசுலயா இருக்கு?"

கோயிலுக்குப் பாதை கல்லறைத் தோட்டத்துக்குள்தான். இங்கே ஒவ்வொரு கல்லறைத் தலைமாட்டிலும் கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு ஒன்று இருக்கும். உள்ளே செத்தவரின் படம், ஓர் எண்ணெய் விளக்கு. சொந்தக்காரப் பெண்கள் வந்து ஏற்றிவிட்டுப் போவார்கள். இருண்டு கிடந்தது ஒன்றுதான், தோராவுடையது. எங்களைப் போல வெயிலைத் தேடி வந்த ஸ்வீடன்காரி. ஏழு பூனைகளைத் தவிர நாதியில்லாமல் மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்தாள்.

பத்தாம் நாள் டினேக்காவுக்கு முழங்கால் வலி. என்னைத் தனியே அனுப்பினாள். முதல் வளைவிலேயே ஓர் ஒலிவ மரத்தடியில் சாய்ந்தேன். கண்ணும் சொருகியது, யோசனையும் பிறந்தது. பேயறைந்த முகத்தை ஒன்றுக்கு மூன்று தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

"டினேக்கா... தோராவோட விளக்கு எரியுது."

"யாரு ஏத்தினா?"

"யாருமில்ல. கூண்டு சாத்தியிருக்கு, உள்ள சுடர் ஆடுது. படத்துல அவ கண்ணு என்னையே பாக்குது. இனிமே நாம அந்தப் பக்கம் போகவே வேண்டாம்."

கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். பயந்துவிட்டாள்! மனதுக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டமாத்தியா வந்தாள். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை. கையில் எண்ணெய்க் குப்பி. என்னைப் பார்த்து மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயா, அவ உங்களைக் கேட்டிருக்கா."

"என்னத்தக் கேட்டா?"

"விளக்கு தானா எரியறத யாரு பாக்குறாங்களோ அவங்கதான் நாப்பது நாள் விடியுமுன்ன போயி ஏத்தணும். தனியா. எங்க ஊரு வழக்கம்."

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா?"

"அவளே உங்க வாசலுக்கு வந்து கூப்பிடுவா."

டினேக்காவைப் பார்த்தேன். "நீயும் வருவேல்ல?"

"என் நிழல்கூட விழக்கூடாதாமே. நான் வேணா போர்வைக்குள்ள இருந்து ஜெபம் பண்றேன்."

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். சைப்ரஸ் மரங்கள் காற்றே இல்லாமல் அசைந்தன. எங்கோ ஓர் ஆட்டுமணி ஒருமுறை ஒலித்து, யாரோ கையால் பொத்தியது போல நின்றது. தோராவின் கூண்டருகே குனிந்து தீக்குச்சியை எடுத்தேன். உரசவில்லை. உரச வேண்டியிருக்கவில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாலம் தூக்கிய காலத்தில்கூட நான் அப்படி ஓடியதில்லை.

"டினேக்கா! நிஜமாவே எரியுது!"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாவம், சீக்கிரமே எழுந்துட்டா போல. நாளைக்கு நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி போ."

ஐந்து மணிக்குப் போனேன். எரிந்தது. நாலரைக்குப் போனேன். எரிந்தது. ஸ்டமாத்தியாவைச் சந்தேகித்து அவள் ஜன்னலடியில் நின்றேன். உள்ளே குறட்டை, மாவு மில் ஓடுவது மாதிரி. ஒரு நாள் தெற்கேயிருந்து ஆப்பிரிக்கக் காற்று அடித்து, ஊரெல்லாம் செம்புழுதி படிந்திருந்தது. கல்லறைப் பாதையில் பூனைத் தடம்கூட இல்லை. என் காலடிதான் முதல் காலடி. கூண்டைத் திறந்தேன். எண்ணெய் விளிம்புவரை நிறைந்திருந்தது. திரி புதிது. படத்தில் தோரா நேற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பது போலிருந்தது.

இடுப்பு நான்கு அங்குலம் குறைந்தது. தூக்கம் மொத்தமும் போனது. நாற்பதாம் நாள் கட்டிலோரம் உட்கார்ந்து உண்மையைக் கக்கிவிட்டேன்.

"டினேக்கா, அன்னைக்கு நான் கல்லறைப் பக்கமே போகல. தூங்கறதுக்காகச் சொன்ன பொய்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ கண்ணை உருட்டிக் கதை சொன்னப்போ, அந்த விளக்கு நம்ம பாத்திரத் தொட்டியில சோப்புத் தண்ணியில ஊறிக்கிட்டிருந்துச்சு. பிசுக்குப் பிடிச்சுக் கிடக்கேன்னு முந்தின நாள் சாயங்காலம்தான் தனியாப் போயி எடுத்துட்டு வந்தேன். நீ கதை சொன்ன அன்னைக்கே மத்தியானம், முழங்கால் வலி விட்டதும், கொண்டுபோய் வச்சுட்டேன்."

"அப்போ... நாப்பது நாள் வழக்கம்?"

"நானும் ஸ்டமாத்தியாவும் காப்பி குடிச்சுக்கிட்டே உண்டாக்கினது. நான் இருபதுன்னுதான் சொன்னேன். உன் தொப்பையைப் பார்த்துட்டு அவதான் கூட்டினா."

விழுந்து விழுந்து சிரித்தேன். தோற்றாலும் நிம்மதி! "சரி தாயே, நீங்க கெட்டிக்காரிங்க. தினமும் எனக்கு முன்னால போயி ஏத்தினது நீயா, அவளா?"

டினேக்கா சிரிக்கவில்லை.

"ஏத்தினது நீதானே? ஏற்கனவே எரியுதுன்னு வந்து சொன்னதெல்லாம் நீ விடற அடுத்த புளுகுன்னுல்ல நினைச்சேன்?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

நாற்பத்தோராம் நாள், நான்கு மணிக்கே செருப்பை மாட்டினேன். போக எனக்குத் தைரியம் இல்லை. போகாமல் படுத்திருக்க அதைவிட இல்லை.