காற்றை எடை போட்ட மாப்பிள்ளை

கம்பைநல்லூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் கருப்பண்ணன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் ராணியம்மாளும் மகள் பானுமதியும் சுகம். மொரப்பூரில் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்லலாம்தான். பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

விஷயம் பானுமதி கல்யாணம். தாங்கள் சொன்ன பையன் கலைவாணன் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தான். நல்ல உயரம், அடக்கமான பேச்சு, வைத்த மிக்சரை மீதி வைக்கவில்லை. குஜராத்தில் நைட்ரிக் ஆசிட் ஆலையில் என்ஜினீயர் அல்லவா, அங்கே என்ன வேலை தம்பி என்று கேட்டேன். "உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்துச்சுன்னு கணக்குப் பாக்கறதுங்க மாமா" என்றான். என் மனம் குளிர்ந்துவிட்டது. புளி மண்டியில் இத்தனை வருடமாக நான் செய்வதும் அதுதானே. ஓட்டோடு நூறு கிலோ புளி வாங்கினால் ஓடு, கொட்டை, நார் எல்லாம் போக நாற்பது கிலோ தேறினால் பெரிது. உங்கள் ஆலையில் எவ்வளவு தேறும் என்று கேட்டேன். "பதினேழு கிலோ அம்மோனியா போட்டா அறுபத்து மூணு கிலோ ஆசிட் வரணுங்க. அதுல கொஞ்சம் சேதாரம் போகும்" என்று கூசாமல் சொல்கிறான்.

எனக்குக் காபி புரையேறிவிட்டது. போட்டதற்கு மேல் வருவது எந்த ஊர் வியாபாரம்? மீதி எடை எங்கிருந்து வருகிறது என்றால், காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறதாம். "தண்ணியும் விடுவோங்க மாமா. விக்கிறப்ப நூத்துக்கு நாப்பது பங்கு தண்ணிதான் இருக்கும்" என்று அதையும் சேர்த்துச் சொன்னான். புளியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றினான் என்று கூடப் பிறந்த தம்பியோடு பேச்சை நிறுத்தியவன் நான். தங்களுக்கே தெரியும்.

காற்றுக்கு ஏது எடை தம்பி என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மண்டி வாசலில் நின்ற லாரியின் ஸ்டெப்னியில் காற்றை இறக்கி, என் எடை மிஷினில் வைத்தான். பிறகு பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய்க் காற்றடித்து மறுபடி வைத்தான். முக்கால் கிலோ கூடக் காட்டுகிறது. மூட்டை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள். மிஷினைக் கெடுத்துவிட்டான் என்று ரிப்பேர்காரரை வரவழைத்தேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். இனி அவரையும் நம்புவதற்கில்லை. ராணியம்மாளோ, "சேதாரத்தக்கூட மறைக்காம சொல்றாருங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

ஆகவே மச்சான், காற்றையும் தண்ணீரையும் எடையில் சேர்க்கிறவருக்குப் பெண் கொடுப்பதற்கில்லை என்று பையன் வீட்டாரிடம் மனம் நோகாமல் சொல்லிவிடவும். அக்காவுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: உறையில் பின்கோடு எழுதச் சொல்லிப் பானுமதியிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டாள். "நீங்க வேண்டாம்னா வேண்டாங்கப்பா. ஆனா காரணத்த உள்ளபடி எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். குஜராத் ரொம்பத் தூரம், மச்சான். அவள் போன பிறகு இந்த வீட்டில் என்ன தேறும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மேலே எழுதியதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற அவர்களை அழைத்து வாருங்கள். அதற்குள் ஒன்று மட்டும் பையனிடம் விசாரியுங்கள். அவன் இருக்கிற ஊரில் புளி என்ன விலை போகிறது? நட்டமானாலும் பரவாயில்லை, மாதம் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு நானே கூடப் போய் இறக்கிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.