வழிதவறி வந்த புழு

குழந்தைகளின் குடற்புழுவுக்கான இல்லம்சார் ஆபத்துக் காரணிகளைக் கண்டறியும் பொருட்டு, ஆய்வாளர் தெருவுக்கு எழுந்தருளினார். தையல்காரம்மா காத்திருந்ததே அவருக்காகத்தான். மகள் குட்டி உட்கார்ந்தால் நெளிகிறாள், படுத்தால் பல்லைக் கடிக்கிறாள். வெள்ளை நூல் மாதிரிப் புழுவைக் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. பூச்சி மாத்திரையோ ஆய்வாளர் பையில்.

பெரிய மனுஷர் வருகிறாரே என்று அவள் செய்த தப்பு ஒன்றுதான்: வீட்டைக் கழுவிவிட்டாள். வெட்டிய துணித் துண்டுகளைப் பெருக்கி, ஃபினாயில் ஊற்றி, குட்டியின் நகத்தை ஒட்ட வெட்டி, குழாயடியில் புதுச் சோப்பும் வைத்துவிட்டாள்.

ஆய்வாளர் முகம் சுருங்கியது.

"தரை சுத்தம், நகம் சுத்தம், சோப்பு வேற! என்னம்மா இது?"

"நல்லதுதானே சார்?"

"காரணியே இல்லையே. அப்புறம் புழு எப்படி வரும்?"

"வந்திருச்சே சார். காட்டட்டுமா?"

"அது உங்க வீட்டுப் புழுவே இல்லம்மா. வழிதவறி வந்திருக்கும்."

"வழிதவறினாலும் கடிக்குதே! ஒரு மாத்திரை குடுங்க சார்."

"மாத்திரை ஆபத்துள்ள வீட்டுக்கு. சுத்தமான வீட்டுக்குப் பாராட்டு." பாராட்டிவிட்டுப் பையை மூடினார்.

எதிர்வீட்டு அண்ணியின் வீடு வாசல்வரை சேறு; மகனோ கல்லு மாதிரி இருப்பான். அவனுக்கு இரண்டு மாத்திரை!

"என்ன பண்றது, நாங்க அவ்வளவு ஆபத்துல இருக்கோம்" என்று அண்ணி அலுத்துக்கொண்டாள், பெருமை தாங்காமல். "சேறு வேணும்னா அள்ளிக்கோ. நமக்குள்ள என்ன!"

தையல்காரம்மா அண்ணி வீட்டுச் சாக்கடையோரச் சேற்றை அள்ளி வந்து கூடமெல்லாம் மெழுகினாள். சோப்பைத் தையல் மெஷின் டிராயருக்குள் பூட்டினாள்.

மறுவாரம் வந்த ஆய்வாளர் உருகிப்போனார். "அடடா, என்ன ஒரு முன்னேற்றம்!" உடனே மாத்திரை கிடைத்தது. குட்டியும் நிம்மதியாகத் தூங்கினாள். "இதை அப்படியே பராமரிங்க. பெருக்கினீங்கன்னா மாத்திரைப் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவோம்."

அப்புறம் தெருவில் அதுதான் நாகரிகம். "உங்க வீட்டுல கணுக்கால் வரைக்குமா? எங்க வீட்டுல முழங்கால்!"

சில வாரம் கழித்து ஆய்வாளர் மறுபடி வந்தார். பையைக் காணோம், கையில் காலி வாளி.

"என் பையன் தூங்கவே மாட்டேங்கறான்மா. எங்க வீடு முழுக்க டைல்ஸ், அதனால ஆபீஸ்ல மாத்திரை தரமாட்டேங்கறாங்க. கொஞ்சம் சேறு..."

"தாராளமா அள்ளிக்கங்க சார். குட்டிக்கும் திரும்ப வந்திருச்சு. மாத்திரை?"

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. "வந்திருச்சா? இதுதாம்மா முறைப்படி வந்த புழு!" சேற்றுக் கையாலேயே குட்டியின் கன்னத்தைக் கிள்ளினார். "மாத்திரைதான் தீர்ந்துபோச்சு. தெருவே தகுதி அடைஞ்சிருச்சு இல்ல?"