மானிடவியல் பட்டத்துக்கு விலை வந்த கதை

நிறைமங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே ஒரு மகாராஜா இருந்தார், அவரைக் குடிமக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் படிப்பின்மேல் அபார மரியாதை. எல்லா வினையும் அந்த மரியாதையில்தான் தொடங்கியது.

"கத்தரிக்காய்க்கு விலை உண்டு. பட்டம் மட்டும் விலை தெரியாமல் நாட்டில் திரியலாமா?" என்று ஒருநாள் சபையில் கேட்டார். சபை தலை குனிந்தது. அன்றைக்கே விலை மந்திரி என்றொரு பதவி உண்டாயிற்று. படித்தவர் சம்பாதிப்பதை வைத்து ஒவ்வொரு பட்டத்துக்கும் விலை குறித்தார்கள். அதைத் தகட்டில் பொறித்து வாசல் நிலையில் அறைய வேண்டும் என்று ஆணை வந்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: தகட்டின் விலைக்குத் தக்கபடிதான் இனி ரேஷன் அரிசி.

வெண்ணி படித்தது மானிடவியல். மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், எதற்காகப் பிரிகிறார்கள் என்று அவர்களோடு இருந்தே தெரிந்துகொள்கிற படிப்பு. கூகைமலையில் தங்கி, அந்த மக்களோடு களி கிண்டி, விறகு சுமந்து, ஆய்வு எழுதி இளங்கலைப் பட்டம் வாங்கியிருந்தாள். ஆனால் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள நாட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே அவள் வீட்டுத் தகட்டில் சுழியம் விழுந்தது.

அவளுடைய அப்பா சடையன் உழவு மாட்டை விற்றுப் படிக்க வைத்தவர். ரேஷன் கடையில் அவர் பையில் நொய்யைப் போட்டார்கள். "கஞ்சிக்கு நொய்தான் தாயி தோது" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார். அவர் நாளுக்கு நாள் இளைத்துப் போனார்.

சுழியம் வாங்கிய படிப்பு நாட்டுக்கே அவமானம் என்று மானிடவியல் வகுப்பை மூட ஆணை தயாரானது. அதற்குள் அடுத்த தேர்தலைப் பற்றிய கவலை வந்துவிட்டது. காட்டை வெட்ட விடமாட்டோம் என்று கூகைமலை முழுவதும் மகாராஜாவுக்கு எதிராக நின்றது. விலை மந்திரி வெண்ணியை வரவழைத்தார்.

"அம்மணி, தாங்கள் அம்மலையில் வாழ்ந்தவர் என அறிகிறோம். அம்மக்களின் ஒற்றுமைக்குக் காரணம் யாது? தெரிவித்தால், தங்கள் பட்டத்தின் விலையை மறுபரிசீலனை செய்ய அரசு சித்தமாக உள்ளது."

துருத்திக்கொண்டிருந்த அப்பாவின் தோள் எலும்பு வெண்ணியின் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டாள்.

"அங்கயும் சண்ட சச்சரவு உண்டுங்க ஐயா. அறுப்பு முடிஞ்சதும் ஊரே கூடி விருந்து வைப்பாங்க. அன்னிக்கு யாரும் அவங்கவங்க வீட்டுப் பானையில சாப்பிடக்கூடாது. யாரோட பேச்சு நின்னுபோச்சோ, அவங்க பானையிலதான் சாப்பிடணும். சாப்பிட்டு எந்திரிச்சா சண்ட முடிஞ்சுது. அப்புறம் அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க."

"மிகவும் மேன்மையான வழக்கம்" என்றார் மந்திரி.

அடுத்த வாரம், மலைமக்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு ஓர் ஆணை வந்தது. வீட்டுக்கு ஒரு பித்தளைப் பானை, மகாராஜாவின் திருவுருவத்தோடு, இலவசம். பானை வாங்கியவர்கள் விருந்தன்று அதில் சமைத்து அதிலேயே உண்ண வேண்டும். அடுத்தவர் பானையில் கை வைத்தால் பானையும் போகும், ரேஷனும் போகும். பளபளக்கும் பானையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? விருந்தும் நடந்தது, அவரவர் பானையோடு அவரவர் மூலையில். அதோடு வேலித் தகராறுகள் தீராமல் வெட்டுக்குத்தாக வளர்ந்தன. தேர்தலில் மலையின் ஓட்டு சிதறியது. மகாராஜா வென்றார். மரம் வெட்டும் வண்டிகள் மலையேறின.

மானிடவியலின் விலை மருத்துவத்தையும் தாண்டியது. கல்லூரி வாசலில் கூட்டம் முண்டியடித்தது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஊர் ஊராகக் குடியேறி, அங்குள்ளவர்களோடு அன்பாகப் பழகினார்கள்.

வெண்ணியின் வீட்டுக்குச் சன்ன அரிசி வந்தது.

"என்னத்தச் சொல்லி வாங்குன அரிசி தாயி இது?" என்று சடையன் கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அன்றிலிருந்து அவர் கொல்லையில் தனியாக அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். மகளிடம் பேச்சும் நின்றது. யாருக்காகச் சொன்னாளோ அவரே முகம் பார்க்காமல் போனதை அவளால் தாங்க முடியவில்லை.

மந்திரி மறுபடியும் அழைத்தார். "அடுத்து தங்கள் ஊர், அம்மணி. தங்கள் தெருவில் யாரோடு யார் பேசுவதில்லை?"

"சொல்ல மாட்டேங்க. வேணும்னா தகட்டக் கழட்டிக்குங்க."

மந்திரி கோபப்படவில்லை. "அவசியமில்லை. தங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கும் தம்பி மானிடவியலில் முதல் வகுப்பு. தெரு முழுவதையும் ஆய்ந்து கொடுத்துவிட்டார். ஒரு மரியாதைக்காகத்தான் தங்களைக் கேட்டோம்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். தெருமுனையில் அரண்மனை வண்டி நின்றது. சனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஒரு பானை என்றுதான் ஆணை. வெண்ணியின் வாசலில் மட்டும் சேவகன் இரண்டு பானைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.