ஐவியின் சைக்கிளும் மூவர் குழுவும்

நீலகிரி மலையில் தேயிலைக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவது ஆலோசனை. தேயிலையாவது மழை தவறினால் குறையும், பனி விழுந்தால் கருகும். ஆலோசனைக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. வருடம் முழுவதும் துளிர்க்கும். பறிக்கக் கூலி இல்லை, விற்க ஏலம் இல்லை. கேட்காதவர்களுக்கும் இலவசமாகப் போய்ச் சேரும். குன்னூரில் இந்த அரிய பயிரை உயர்ந்த தரத்தில் விளைவிக்கும் இடம் எங்கள் தேயிலைத் தரகு அலுவலகம்தான் என்பதை, அதன் சூப்பரிண்டெண்ட் சுவிசேஷமுத்து ஆகிய நான் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சான்று வேண்டுவோர் எங்கள் அலுவலகக் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். ஆறு மின்விசிறிகள் தொங்குகின்றன. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடும் ஊரில் மின்விசிறி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடியவர்களை நாங்கள் மின்விசிறிக் குழுவில் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஐவி ஒரு சைக்கிள் வாங்க ஆசைப்பட்டாள்.

ஐவி எங்கள் ஏலப் பட்டியல் பிரிவில் இருக்கிறாள். வெலிங்டன் பக்கம் வீடு. அதிகம் பேசமாட்டாள். பட்டியலில் பிழை இருக்காது என்பதால் அவளை யாரும் அதிகம் கவனித்ததும் இல்லை. ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் இருந்த கேஷியர் பவுல்ராஜிடம் தன் போனை நீட்டினாள்.

"அண்ணா, இந்த ரோடு பைக் நல்லாருக்குதுங்களா? மொத மொதல்ல வாங்கறேன். முப்பதாயிரத்துக்குள்ள பாத்துட்டு இருக்கேன்."

படத்தில் ஒரு சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல் வளைந்த கைப்பிடி, விரல் அகல டயர், மற்றபடி உடம்பில் ஒன்றுமே இல்லை.

பவுல்ராஜ் தயிர்சாதத்தை ஓரமாக வைத்தார். இத்தனை வருடக் கேஷியர் வாழ்க்கையில் சில்லறை இருக்கிறதா என்பதைத் தவிர அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"ஐவிம்மா, இது சாதாரண விஷயமில்ல. மிதிவண்டி வாங்கறதுக்கு மிதி மட்டும் போதாது, மதி வேணும். அவசரப்படாத. நாங்க இருக்கோம்."

சாயங்காலத்துக்குள் மூவர் குழு அமைந்துவிட்டது. தலைவர் நான். 'தொழில்நுட்பம்' பவுல்ராஜ். 'தரம்' எங்கள் தேநீர் ருசிபார்ப்பாளர் நல்லசாமி. ஐவியைக் குழுவில் சேர்க்கவில்லை. சைக்கிளை ஓட்டப் போகிறவரே அதைத் தேர்ந்தெடுத்தால் நடுநிலைமை கெட்டுவிடும் அல்லவா?

முதல் கூட்டம் ருசி பார்க்கும் அறையில் நடந்தது. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள் ஆவி பறக்க நின்றன. நல்லசாமி ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே கலந்துகொண்டார். ஐவியைச் சாட்சியாக அழைத்தோம்.

"சைக்கிள் எதுக்கும்மா?" என்றேன்.

"ஓட்டறதுக்குங்க சார்."

"அது சரி. நோக்கம் என்ன?"

"புடிச்சிருக்குதுங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒரு நோக்கத்தை எங்கள் அலுவலகம் அதுவரை சந்தித்ததில்லை.

"ஏனுங்க அம்மிணி, ஒடம்புக்கு ஏதாச்சும்? சக்கரை, கொழுப்பு, அப்படி ஏதும்?" என்று நல்லசாமி பரிவோடு கேட்டார்.

"இல்லீங்க."

"பஸ் காசு மிச்சம்னு வெச்சுக்கலாமா?" என்றார் பவுல்ராஜ்.

"பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லீங்களே அண்ணா." அவள் சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் லவ்டேல் வரைக்கும் மேடேறிப் போகோணும். திரும்பி எறங்கறப்ப காத்து மூஞ்சில அடிக்கோணும். அவ்வளவுதானுங்க சார்."

நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்று நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் பவுல்ராஜ் ஆராய்ச்சியில் மூழ்கினார். போனில் ஓயாமல் சைக்கிள் வீடியோ ஓடியது. கேஷ் கவுண்டரில் நின்றவர்கள் பணம் கேட்டால், கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். ஆராய்ச்சியின் முடிவில் அவர் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார். முப்பதாயிரத்துக்கு நல்ல சைக்கிள் கிடைக்காது. இன்னும் பத்தாயிரம் போட்டால் கிடைக்கும். நாற்பதாயிரம் ரூபாய் வீடியோவைப் பார்த்தபோது, அதற்கும் இன்னும் பத்தாயிரம் போட்டால்தான் கிடைக்கும் என்று தெரிந்தது. 'பட்ஜெட்' என்பது நாம் நிற்கும் இடம் அல்ல, புறப்படும் இடம் என்று அவர் விளக்கியபோது குழுவே மெய்சிலிர்த்தது.

நேரடி ஆய்வுக்காக ஒரு சனிக்கிழமை நல்லசாமியின் காரில் கோவைக்கு இறங்கினோம். சாட்சியும் கூட வந்தாள்.

கடைக்காரர் ஒரு நீல நிறச் சைக்கிளை எடுத்து நிறுத்தினார். ஐவியை அதன் மேல் கால்போட்டு நிற்கச் சொன்னார். "உங்க ஒயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்குதுங்க. மொதல்ல அளவுதாங்க முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அளவு முக்கியமென்றால் ஆராய்ச்சி எதற்கு? அவருடைய அறியாமையை நாங்கள் மன்னித்தோம்.

ஐவி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனாள். அவள் தெருமுனையில் மறைந்ததும் குழு கூடியது.

"கலர் இருக்குதுங்க" என்றார் நல்லசாமி, தேநீருக்குத் தரம் சொல்லும் அதே பாஷையில், நாக்கைச் சப்புக்கொட்டி. "ஆனா பாடி பத்தாது."

"ஸ்டாண்டு எங்கே?" என்றார் பவுல்ராஜ்.

"ரோடு பைக்குக்கு ஸ்டாண்டு வராதுங்க. செவுத்துல சாச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"எங்க ஊர்ல மழைக்கு செவுரே சாஞ்சுதாங்க நிக்குது" என்றார் நல்லசாமி.

"கேரியர்? மட்கார்டு? சீட்டு ஏன் இப்படிக் கத்தி மாதிரி இருக்கு?" என்று பவுல்ராஜ் அடுக்கினார்.

அப்போது ஐவி திரும்பி வந்தாள். முடி கலைந்திருந்தது. மூச்சு வாங்கியது. முகம் பளபளத்தது. பட்டியல் பிரிவில் அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு விநாடி எனக்கே 'வாங்கிக்கோம்மா' என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நல்லவேளையாக நான் தலைவர் என்பது நினைவுக்கு வந்தது. ஸ்டாண்டு இல்லாத காரணத்தால் சைக்கிள் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். பர்லியாறில் டீ வாங்கிக் கொடுத்தோம். குடிக்கவில்லை. எங்கள் உழைப்பை எண்ணி நெகிழ்ந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு குழு நின்ற இடத்தில் நிற்கவில்லை. அறுபதாயிரத்துக்கு ஒரு சைக்கிள் பார்த்தோம். அறுபதாயிரம் கொடுத்து மிதிப்பதை விட, இன்னும் கொஞ்சம் போட்டால் மிதிக்கவே தேவையில்லாத ஸ்கூட்டர் வந்துவிடும். ஸ்கூட்டரில் மழைக்கு நனைய வேண்டும். ஆகவே ஒரு பழைய கார். காருக்குச் செலவு செய்தால் ஒருநாள் இரும்புக் கடைக்குப் போகும். அதே பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் கோத்தகிரிப் பக்கம் மூன்று சென்ட் மனை. செப்டம்பருக்குள் மனைக்கு வந்துவிட்டோம்.

"சார்" என்று ஐவி என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "நான் கேட்டது சைக்கிளுங்க."

"அதத்தாம்மா பாத்துட்டு இருக்கோம்."

மனை வாங்கினால் வீடு கட்ட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்க முடியுமா? தர்க்கம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அறிவாளிகள் ஊகித்திருப்பார்கள். அக்டோபரில் பவுல்ராஜ் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்.

பையன் பெயர் செல்லதுரை. பவுல்ராஜின் அத்தை வழி உறவு. லவ்டேலில் வீடு, ஊட்டியில் ஒரு வங்கியில் வேலை. எங்கள் அலுவலகத்துக்கே வரச் சொல்லியிருந்தோம். கையில் ஹெல்மெட்டோடு வந்தான். மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான், பொறுப்பான பையன் என்று நல்லசாமி மெச்சினார். ஐவியிடம், "உன் விஷயமா ஒருத்தர் வந்திருக்கார், பேசிப் பாரும்மா" என்று மட்டும் சொல்லி, இருவரையும் ருசி பார்க்கும் அறையில் உட்கார வைத்தேன். நாங்கள் மூவரும் பக்கத்து அறையில், பிளைவுட் தடுப்பில் காதை வைத்துக்கொண்டோம். பெரியவர்களாக அந்த அளவு அக்கறை காட்டித்தானே ஆக வேண்டும்.

"நானே கேட்டுடறேன்" என்று ஐவியின் குரல் தெளிவாக வந்தது. "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது இருந்துச்சுங்களா?"

"ஒருத்தர்கிட்ட இருந்துச்சுங்க. நான் ரெண்டாவது."

நல்லசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க பவுலு, பையனுக்கு முன்னாடியே ஒண்ணு ஆயிருச்சுங்களா?"

"எங்கத்தை சொல்லவே இல்லையே!" என்றார் பவுல்ராஜ் முனகலாக.

"ஏன் வேண்டாங்கறீங்க?" இது ஐவி.

"எனக்குக் கட்டையா போச்சுங்க. எல்லாரும் சொன்னாங்கன்னு எடுத்துட்டேன். முதுகுவலிதான் மிச்சம். உங்க ஒயரத்துக்குச் சரியா இருக்கும்."

"பல்லெல்லாம் தேயாம இருக்குதுங்களா?"

"நீங்களே பாத்துக்கலாம். பின்னாடி பெரிய பல்லு, மேட்டுக்கு நல்லா வாங்கும்."

பவுல்ராஜ் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்காச்சும் விழுந்திருக்கா?"

"ஒரே தடவை, கேத்தி வளைவுல. கீறல்தான். எலும்புக்கு ஒண்ணும் ஆகல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத்தான் எலும்பு ஒடிஞ்சுது" என்றான்.

ஐவி சிரித்தாள். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இருவரும் வெளியே வந்து, எங்களைத் தாண்டி, நேரே வாசலுக்கு நடந்தார்கள். ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வாட்ச்மேன் காளிமுத்துவின் அறைச் சுவரில் ஒரு சாம்பல் நிற ரோடு பைக் சாய்ந்திருந்தது. ஸ்டாண்டு இல்லை. கல்யாணம் என்றால் வரமாட்டான் என்று, 'குன்னூரில் ஒரு பெண் சைக்கிள் விஷயமாகப் பேச வேண்டுமாம், போய்ப் பார்' என்று அத்தை சொன்னதை அந்தப் பையன் சொன்னபடியே புரிந்துகொண்டு, விற்கவேண்டிய சைக்கிளை ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறான். 'உன் விஷயம்' என்றால் ஐவிக்கும் சைக்கிள்தான்.

ஐவி குனிந்தாள். சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். சக்கரத்தைச் சுழலவிட்டு அது நேராக ஓடுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கியரை மாற்றினாள், பிரேக்கை அழுத்தினாள். பிறகு ஏறி, லாரிகள் நிற்கும் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். விலை பேசினாள். அவன் சொன்னதிலிருந்து குறைத்து, போனில் பணம் அனுப்பினாள். முப்பதாயிரத்தில் மிச்சம் இருந்தது. "அதுல ஹெல்மெட்டும் லைட்டும் வாங்கிக்கறேனுங்க" என்றாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு கூட்டம் இல்லை, ஒரு தீர்மானம் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் கண்ணெதிரே நடந்தது. எங்களைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேதனை. செல்லதுரை எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விட்டான். கல்யாணப் பேச்சை அவனிடம் யாரும் எடுக்கவே இல்லை.

இருந்தாலும் நாங்கள் பெருந்தன்மையானவர்கள். சைக்கிள் வாங்கும் திட்டத்தை வெற்றிகரமாக முடித்ததற்காகக் குழு தனக்குத்தானே பாராட்டுத் தெரிவித்துக்கொண்டது. ஐவி ஞாயிறு தோறும் லவ்டேல் போய் வந்தாள். திங்கட்கிழமைகளில் அவள் முகம் கோவைத் தெருமுனையில் பார்த்த முகமாகவே இருந்தது. நாங்கள் ஒவ்வொரு திங்களும் அவளுக்கு ஏதாவது சொன்னோம். சீட்டை இறக்கு, கைப்பிடியை ஏற்று, மழையில் போகாதே, வெயிலில் போகாதே. "சரிங்க" என்பாள்.

டிசம்பரில் ஒரு காலை, பனி விலகி வெயில் அடித்தபோது, நான் அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து குறை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐவி வந்தாள்.

"சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா?"

சீட்டை எனக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். மறுத்தால் பதவிக்கு இழுக்கு. காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன். அதற்குள் பவுல்ராஜும் நல்லசாமியும் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள்.

"முன் பிரேக்கைத் தொடாதீங்க சார்!"

"ஐயோ, அதத்தானுங்க புடிக்கோணும்!"

"குனியுங்க! குனிஞ்சாத்தான் காத்து தடுக்காது!"

"நிமிந்து உக்காருங்க, இடுப்பு போயிரும்!"

"இடது பக்கம்!"

"ரைட்டுல ஒடிங்க!"

சைக்கிள் தள்ளாடியது. லாரி ஒரு பக்கம், ரோஜாப் பாத்தி ஒரு பக்கம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா!" என்று கத்தினேன்.

மூடினார்கள். உடனே சைக்கிள் நேராக ஓடியது. வாட்ச்மேன் அறை தாண்டி, வளைவு திரும்பி, காற்று முகத்தில் அடிக்க அடிக்க, நான் ஓட்டினேன்.

எங்கள் அலுவலகத்தில் இதுவரை வழங்கப்பட்ட ஆலோசனைகளில் சொன்ன மாத்திரத்தில் பலன் தந்தது அது ஒன்றுதான். ஐவி அதை எங்கள் மூவருக்கும் ஜூன் மாதமே சொல்லியிருக்கலாம். மரியாதை தெரிந்த பெண். சொல்லவில்லை.