அக்காவின் தாலியும் பிரெஞ்சுக்காரரின் கப்பலும்

என் அக்கா இரண்டு முறை தாலி கட்டிக்கொண்டவர். பதற வேண்டாம், இரண்டு முறையும் கட்டியவர் ஒரே அத்தான்தான். முதல் முறை ஐயர், மேளம், அட்சதை, முந்நூறு பேர் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டாவது முறை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. அதற்கான அவசியத்தை உண்டாக்கியவன் நான். என் மூளையைக் கெடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாவம், அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில் பார்க்டேல் பகுதியில் சித்தப்பாவின் அபார்ட்மென்டில் அக்காவும் நானும் ஒட்டிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் நான் திரைப்படம் படித்தேன். சித்தப்பா எல்லோரிடமும் ‘தம்பி ரி.வி. திருத்தப் படிக்கிறான்’ என்று சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. (அயலில் இரண்டு பேர் பழுதான ரி.வி.யைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள்.)

அங்கேதான் ஒரு விரிவுரையில் பிரெஞ்சுக்காரரின் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஆவணப்பட இயக்குநர். உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு படம், ஒரு பேக்கரியைப் பற்றி ஒரு படம். பேக்கரிப் படத்தில் மா புளித்துப் பொங்குவதையே நாற்பது நிமிடம் காட்டுவார். பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை, யாரிடமும் ஒரு கேள்வி இல்லை. அவரைப் பெரிய ஆளாக்கியது கப்பல் படம். ஒரு துறைமுக ஊர்க்காரர்கள் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு கப்பல் கட்டுகிறார்கள். அதைக் கடலில் இறக்கும் நாளில் இயக்குநர் கமெராவைக் கப்பலுக்கு முதுகு காட்டித் திருப்பிவிடுகிறார். பார்த்துக்கொண்டு நிற்கும் தொழிலாளிகளின் முகங்கள் மட்டும்தான் வரும். கடைசிவரை கப்பல் வராது.

“கப்பலைக் காட்டாமலே கப்பலைக் காட்டிவிட்டார்” என்று பேராசிரியர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். (பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் துடைத்தாள், அதனால்தான்.)

அந்த இயக்குநரின் திரை வாழ்க்கையையும் அவரைப் பாதித்தவர்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். அவரைப் பாதித்தது யார் என்று நூலகத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஆகவே நானே பார்த்து இரண்டு தத்துவஞானிகளையும் கொஞ்சம் ஜப்பானிய ஓவியத்தையும் போட்டுவிட்டேன். கட்டுரை முடிந்தபோது எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. கறுப்புச் சால்வை ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜக்கெட் போடாமல் பனிக்குள் திரிந்தேன். ஒரு படத்தை யாராவது ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னால் அவர்களை இரக்கத்தோடு பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் பொருந்தியது.

அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தார். விசா இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. பெற்ற மகளின் கல்யாணம் என்று அம்மாவின் கைக்குப் போய்ச் சேரப்போவது ஒரு வீடியோ கசெற் மட்டும்தான். போட்டோ பிடிக்க ஆள் இருந்தார். ஆனால் அம்மாவுக்குக் கெட்டிமேளச் சத்தத்தோடு பார்க்க வேண்டும்.

எங்கள் ஆட்களின் கல்யாண வீடியோ என்பது வருகைப் பதிவேடு மாதிரி. யார் வந்தது, யார் வரவில்லை, யார் போன கல்யாணத்துச் சேலையோடு வந்தது என்பதெல்லாம் லண்டனிலும் ஜேர்மனியிலும் கசெற்றை நிறுத்தி நிறுத்திப் பரிசோதிக்கப்படும். நகரத்தில் இதற்கென்று ஒரு வீடியோ அண்ணை இருந்தார். கண்ணைப் பொசுக்கும் லைற்றைப் பிடித்து, சாப்பிடுகிறவர்களின் திறந்த வாய்க்குள்ளேயே போய் எடுப்பார். காட்சிக்குக் காட்சி சிவப்பு இதயம் பறக்கும். அவரைப் பிடிக்கச் சித்தப்பா தொலைபேசியை எடுத்தபோது நான் குறுக்கே விழுந்தேன்.

“சித்தப்பா, உது கலையில்லை. நான் எடுக்கிறன். கல்லூரிக் கமெரா இருக்கு.”

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “தாலி கட்டுறதை அம்மா பாக்கோணும். மிச்சமெல்லாம் நீ உன்ரை விருப்பத்துக்கு எடு.”

“பயப்பிடாதை அக்கா. அம்மாவை அழ வைக்கிறன்.”

(இந்த ஒரு வாக்கை மட்டும் பிறகு காப்பாற்றினேன்.)

கல்யாணம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. வாசலில் குவிந்து கிடந்த பனிச் சப்பாத்துகளைப் பதினொரு நிமிடம் எடுத்தேன். ஓமப் புகைக்குத் தீ அலாரம் அடித்துவிடும் என்று சித்தப்பா ஏணியில் ஏறி அதற்குப் பிளாஸ்ரிக் பை கட்டினார். அதை ஆறு நிமிடம் எடுத்தேன். பரிசுப் பொட்டலத்தை நீட்டியபடி கமெராவைப் பார்த்துச் சிரித்தவர்களை எடுக்கவில்லை, ஏனென்றால் அது நடிப்பு. பெரியம்மா ஒருவர் எனக்காகவே கன்னம் நோகச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய கைப்பையை எடுத்தேன்.

கெட்டிமேளம் எழுந்தது. அத்தான் தாலிக்கொடியைக் கையில் எடுத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கமெராவோடு மணவறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

முந்நூறு முகங்கள். அட்சதை பறந்து வந்து லென்ஸில் பட்டது. முன்வரிசையில் சித்தப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி ஏதோ கத்தினார். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன உணர்ச்சி, என்ன உண்மை என்று நெகிழ்ந்து அவருடைய முகத்துக்கு மெதுவாக ஸூம் செய்தேன்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா வீட்டு ஹோலில் முறுக்கும் தேத்தண்ணியுமாகக் கசெற்றைப் போட்டோம். சப்பாத்துகள் வந்தன. இன்னும் சப்பாத்துகள் வந்தன.

“கசெற் இறுகிப் போச்சோ?” என்றார் சித்தப்பா.

பிளாஸ்ரிக் பை வந்தது. கைப்பை வந்தது. கடைசியில் கெட்டிமேளம் முழங்க, இருபத்தேழு அங்குலத் திரை முழுக்கச் சித்தப்பாவின் முகம் நிறைந்தது. வாயசைவு தெளிவாகத் தெரிந்தது: ‘அங்காலை திரும்படா, மாடே!’

மேளம் ஓய்ந்தது. அறையில் ஒருவரும் முறுக்கைக் கடிக்கவில்லை.

“தாலி எங்கை தம்பி?” என்றார் அக்கா.

“அக்கா… தாலியைக் காட்டாமலே தாலியைக் காட்டியிருக்கிறன்.”

“அப்ப உதை விளங்கப்படுத்த நீ அம்மாட்டைப் போறியோ?”

என் அகதி வழக்கு முடியாமல் கிடந்தது, எங்கேயும் போக முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். அவர் கத்தவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே அவர் அழுவது கேட்டது. சால்வையைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

வழி சொன்னவர் அத்தான். கல்யாணமாகி எட்டே நாள், அந்த மனிதருக்கு என்ன பொறுமை! “அழாதையும். இன்னொருக்காக் கட்டுவம்” என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

கட்டிய தாலியைக் கழற்ற மாட்டேன் என்றார் அக்கா. சரி, கழற்றாமலே அத்தான் பின்னால் நின்று முடிச்சுப் போடுகிற மாதிரிச் செய்வதென்று முடிவானது. அக்கா கூறைச் சேலையைத் திரும்பக் கட்டினார். தலைப்பாகை வாடகைக்கு எடுத்தது, திரும்பப் போய்விட்டது. சித்தப்பாவின் சால்வையை அத்தானின் தலையில் சுற்றினோம். இடம் வேறெங்கும் இல்லாததால் அடுப்பும் பாத்திரமுமாகக் கிடந்த குசினியின் வாசலில் ஒரு பட்டுச் சேலையைத் தொங்கவிட்டு மணவறை ஆக்கினோம். ரி.வி.யில் பழைய கெட்டிமேளத்தைப் போட்டோம். சித்தப்பா பாஸ்மதி அரிசியும் கையுமாகத் தயாராக நின்றார்.

லைற் இல்லை. வீடியோ அண்ணையிடம் போய் நின்றேன். அந்த மனிதர் ஒரு நக்கலும் அடிக்காமல் எடுத்துத் தந்தார். “தம்பி, மூஞ்சைக்கு நேரை பிடியும். தாய் பாக்கிறது மூஞ்சையைத்தான்.”

யாரையும் எதையும் திரும்பச் செய்யச் சொல்வதில்லை என்று சபதம் எடுத்திருந்த நான் அன்று சொன்னவை: “அத்தான், இன்னொருக்கா.” “அத்தான், கொஞ்சம் மெதுவாய்.” “அக்கா, குனி. அவ்வளவு குனியாதை.” ஐந்து தரம் எடுத்தோம். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்க வீடியோ அண்ணை முன்னும் பின்னும் சிவப்பு இதயத்தைப் பறக்கவிட்டு, கொழும்பில் ஓடக்கூடியதாகக் கசெற்றை மாற்றியும் தந்தார். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்துப் பிரெஞ்சுக்காரரே எங்கள் கல்லூரிக்குப் பேச வந்தார். கட்டையான, மொட்டையான, சிரித்த முகக்காரர். சால்வை இல்லை, நல்ல தடித்த ஜக்கெட் போட்டிருந்தார். நான் எழுந்து கேட்டேன்: “கப்பலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய அந்தக் கணத்தில் எந்தத் தத்துவஞானி உங்கள் மனதில் இருந்தார்?”

அவர் குலுங்கிச் சிரித்தார். “என் மைத்துனன்தான் இருந்தான். அன்றைக்கு இரண்டு கமெரா. கப்பலை எடுக்கும் வேலை அவனுக்கு, சனங்களை எடுப்பது எனக்கு. அந்த முட்டாள் முழுச் சுருளையும் மங்கலாக எடுத்து வைத்திருந்தான். பார்த்துவிட்டு நான் அழுதேன். மிஞ்சியது முகங்கள் மட்டும்தான். கப்பலைத் திரும்ப மேலே இழுத்து இன்னொரு முறை இறக்க முடியுமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். போடா என்று துரத்திவிட்டார்கள்.”

பேராசிரியரின் முகத்தை அப்போது படமெடுத்திருக்க வேண்டும். கையில் கமெரா இல்லை. இருபத்திரண்டு பக்கக் கட்டுரைக்கு அவர் ஏற்கெனவே நல்ல புள்ளி போட்டுவிட்டார். நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே அம்மாவின் அழைப்பு வந்தது. அழுதுகொண்டுதான் பேசினார். அக்கா வடிவாம், மாப்பிள்ளை அமைதியாம், தாலி கட்டுவதை நாலு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். எனக்கு மூச்சு வந்தது.

“ஆனால் தம்பி, ஒண்டு கேக்கிறன்” என்றார் அம்மா. “தாலி கட்டேக்கை சேலைக்குப் பின்னாலை வெள்ளையாய் ஒரு பிரிட்ஜ் நிக்குது. மணவறைக்குள்ளை பிரிட்ஜ் வைக்கிறது கனடா வழக்கமோ?”

பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டு நின்ற அக்கா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார். “ஓம் அம்மா. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்.”

அம்மா வந்து சேர மேலும் சில வருடங்கள் ஆயின. என் கல்யாணத்துக்குத்தான் வந்தார். அக்காவும் அத்தானும் தாங்கள் குடிபோன பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து அவரை மண்டபத்துக்குக் கூட்டி வந்தார்கள். வீடியோ அண்ணை லைற்றோடு தயாராக நின்றார், கமெராப் பக்கம் போகவே எனக்குத் தடை. அம்மா மணவறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்தும் பார்த்தார். பிறகு மாலையும் கழுத்துமாக இருந்த என்னிடம் வந்து, சம்பந்தி வீட்டாருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்:

“என்ன தம்பி, பிரிட்ஜைக் காணேல்லை?”