ட்வீடி வீட்டுச் சிங்கம்

குலச்சின்னக்காரர் என்றொரு ஜாதி உண்டு. அவரை அறிய முகத்தைப் பார்க்க வேண்டாம், வீட்டு கேட்டைப் பாருங்கள். ஒரு கேடயம், அதில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கம், அதற்கு மேல் இரும்புத் தொப்பி, அடியில் அவருக்கே படிக்கத் தெரியாத லத்தீனில் ஒரு வாசகம். இவ்வளவும் இருந்தால் ஆசாமி உள்ளேதான் இருக்கிறார்.

எங்கள் ஸ்காட்லாந்தில் இந்த ஜாதி மழைக்காலக் காளான் மாதிரி. என் எதிர்வீட்டு ஹெக்டர் ட்வீடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைத் தொட்டி விற்றுப் பணக்காரரானவர். ஊர்த் திருவிழாவில் ஒரு கடைக்காரன், குடும்பப் பெயரைச் சொன்னால் குலச்சின்னம் தருகிறேன் என்றான். இவர் சொன்னார், அவன் தந்தான், அன்றைக்குப் பிடித்தது சனி. கேட்டில் சிங்கம், கரண்டியில் சிங்கம், கைத்துண்டில் சிங்கம், காலில் மாட்டும் செருப்பில்கூடச் சிங்கம். போதாததற்கு, போகிறவன் வருகிறவனை நிறுத்திப் பொழிப்புரை வேறு: "சிங்கம்னா வீரம். மூணு நட்சத்திரம்னா ஞானம்." வீரமாம்! அடுத்த தெரு நாய் குரைத்தால் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதர்.

"ஏங்க, நமக்குச் சோறு போட்டது கக்கூஸ் தொட்டி. அதப் போட்டா என்ன?" என்றாள் மனைவி எல்ஸ்பெத்.

"பரம்பரைன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு?"

அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் அப்பா இதே துறைமுகத் தெருவில் மீன் வண்டி தள்ளியவர். ஆனால் மகள் கர்ஸ்டியின் வருங்கால மாமனாரிடம் ஹெக்டர் அளந்துவிட்டிருந்தது வேறு: "எங்கப்பா கப்பல் முதலாளி."

அந்தச் சம்பந்தி, டூகல் பிர்னி, சனிக்கிழமை விருந்துக்கு வந்தார். நானும் இருந்தேன். மனிதர் கேட்டருகிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரோட சின்னம்?"

"எங்களோடதுதான். ட்வீடி வம்சம்."

"வம்சத்துக்கு ஏதுங்க சின்னம்? நம்ம நாட்டுல அது ஒரு ஆளுக்குத்தான் சொந்தம். இது வேற ஒரு ட்வீடியோடது, உசுரோட இருக்கார். அதிகாரிங்க காதுல விழுந்தா கழட்டிட்டுப் போயிடுவாங்க, அபராதம் வேற."

ஹெக்டர் நகர்ந்து சிங்கத்தை முதுகால் மறைத்துக்கொண்டார். பாவம் பார்த்தோ என்னவோ, பிர்னி தன் மோதிரத்தை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு இருக்கு, முறையா எழுதிப்போட்டு வாங்கினது. மூணு மீன். எங்க தாத்தா மீன் வித்தவருங்க. அவர மறந்துடக் கூடாது பாருங்க."

கர்ஸ்டியின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், சொன்ன பொய்யெல்லாம் கரைந்துபோகும்.

"சூப் ஆறிடும், உள்ள வாங்க," என்றார் ஹெக்டர்.

பிர்னி போன பிறகு சமையலறையில் பெண் வெடித்தாள். "தாத்தாவும் மீன்தானப்பா வித்தாரு? சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? நாளைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டுக்குப் போவேன்?"

"கல்யாணம் முடியட்டும்மா."

அவள் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிங்கத்தை நானே பிடுங்கி எறிந்திருப்பேன்.

திங்கட்கிழமை அவரே கழற்றினார். முறைப்படி விண்ணப்பிக்கப் போகிறாராம். தானே வரைந்த புதுச் சின்னத்தைக் காட்டினார். அலைகள், நடுவே செதிலும் வாலுமாக ஒன்று, தலையில் கிரீடம்.

"அட, மீனா!" என்றேன். சத்தியமாக மகிழ்ச்சியோடுதான் கேட்டேன்.

"மீனா? நல்லாப் பாருய்யா, டால்பின். ராஜாக்கள் வச்சுக்கிற பிராணி!"

என்ன ஜென்மமடா இது என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே, உங்கள் தாத்தா என்ன தொழில் செய்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டில் சொன்னது வேண்டாம், நிஜத் தொழில். தொண்டையைக் கனைக்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.